ஒரு சாண் பூச்சு

ஏனுங்க, அந்த மஞ்சப்பையில அச்சடிச்சிருக்கறது புதுமனை புகுவிழாவுங்களா? அதான் பாத்தேன். கோபியில ஏறுனதுலேர்ந்து அதையே பாத்துட்டு வர்றனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. மேஸ்திரிக்கு வேட்டி துண்டு குடுத்தாங்களா? நீங்க பாத்தீங்களா?

பாக்கலீங்களா. செரி. ஆரும் பாக்கறதில்லீங்க. பாலு பொங்குன ஒடனே பந்திக்கு எடம் புடிக்கப் போயிருப்பீங்க. குத்தம் சொல்லலீங்க, ஒறம்பரையாப் போனாச் சாப்புடத்தானே வேணும். ஆனா அந்த ஊட்டுல, பந்தலுக்கு வெளிய, புதுச்சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் நின்னிருப்பான். கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னிருப்பான். அவந்தானுங்க மேஸ்திரி. பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

நானும் மேஸ்திரிதானுங்க. பேரு சென்னியப்பன். இந்தச் சன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கறேன், வெளிய பாக்கோணும். நான் எறங்க வேண்டியது வேலாங்காட்டுப் பிரிவு, கவுந்தப்பாடி தாண்டி மூணாவது ஸ்டாப்பு. நீங்க எங்கீங்க? சித்தோடா? அப்பச் செரி, எனக்கு மேல போறீங்க. பேசிக்கிட்டே போலாமுங்க. பேசாம வந்தா எனக்கு இந்தப் பஸ்ஸுல இருப்புக் கொள்ள மாட்டேங்குது. இதே பஸ்ஸுல மூணு தடவை வந்துட்டு, எறங்காமத் திரும்பிப் போயிருக்கேன். இது நாலாவது. ஏன்னு கேக்காதீங்க, நானே சொல்றேன்.

நான் சாந்துக்கரண்டி புடிச்சுத் தனியாக் கட்டுன மொத ஊடு ஒரு ரைஸ்மில்காரரோடதுங்க. எட்டு மாசம். அஸ்திவாரத்துல எறங்குனவன் மொட்டைமாடியிலதான் மேல ஏறுனேன்னு வெச்சுக்குங்க. புதுமனை புகுவிழா அன்னைக்குத் தட்டுத் தட்டா வெச்சு ஒவ்வொருத்தரையாக் கூப்புடறாங்க. இன்ஜினியருக்குச் சால்வை. ஆசாரிக்கு வேட்டி துண்டு. கரண்டு வேலைக்காரருக்கு வேட்டி துண்டு. பெயிண்டருக்கு வேட்டி துண்டு. பெயிண்டருங்க! நான் எழுப்புன சொவத்துல கலர் அடிச்சவன், அவனுக்குத் துண்டு. என்ற பேரு வரும் வரும்னு நின்னேன். அப்பறம் எலை போட்டாச்சுன்னு சத்தம் வந்துச்சு, எல்லாரும் அக்கட்ட ஓடிட்டாங்க. மறந்துட்டாங்கங்க. வேணும்னு பண்ணலை. வேணும்னு பண்ணியிருந்தாக்கூட ஆறியிருக்கும். என்ற சம்சாரம் துளசிமணி எங்க பொண்ணை இடுப்புல வெச்சுக்கிட்டு என்ற சட்டையப் புடிச்சு இழுத்தா. "வாங்க, ஊட்டுல ரசம் இருக்குது"ன்னா. அவ்வளவுதான் அவ சொன்னது.

ஒரு மாசம் கழிச்சு மழை. அந்த ஊட்டுல மேற்குப் பக்கத்துச் சன்ஷேடு இருக்குதுங்களே, அதுக்கு மேல ஒரு சாண் எடம், அவசரத்துல பூச மறந்து போயிருந்தேன். தண்ணி எறங்கிருச்சு. ஆளு உட்டுட்டாங்க. போனா, அந்தம்மா காப்பி கொண்டாந்து குடுக்கறாங்க. ரைஸ்மில்காரரு கொடை புடிச்சுக்கிட்டு என்ற பக்கத்துலயே நிக்கறாரு. பூசி முடிச்சதும் முதுகுல தட்டி, "மேஸ்திரி, நீ வந்து தொட்டாத்தான்யா ஆகுது"ன்னாரு.

நீ வந்து தொட்டாத்தான் ஆகுது. கேட்டீங்களா? எட்டு மாசம் ஊடு கட்டுனதுக்கு வராத வார்த்தை, ஒரு சாண் பூசுனதுக்கு வந்துச்சு. அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துச்சுங்க. முடிஞ்ச ஊட்டுக்கு மேஸ்திரி எதுக்குங்க?

அதுக்கப்பறம் எந்த ஊட்டையும் நான் முழுசா முடிச்சதில்லை. சிரிக்காதீங்க. பெருசா ஒண்ணும் உடமாட்டேன். ஒரு சாண். மாடிப்படி தலைப்புல ஒரு மூலை, இல்லீன்னாத் தொவைக்கற கல்லுக்குப் பொறத்தாண்ட ஒரு ஓரம். ஒரே ஒரு சாண், செங்கல்லு தெரியற மாதிரி. ஊட்டுக்காரங்க கேட்டா, "இது திருஷ்டிக்குங்க, முழுசா முடிச்ச ஊட்டுல கண்ணு பட்டுரும், எங்க வழக்கம்"னு சொல்லிருவேன். வழக்கமும் இல்லை ஒண்ணுமில்லை. நானாக் கட்டி உட்டது. ஆனா நம்புவாங்க. ஊடு கட்டுனவங்க எதைச் சொன்னாலும் நம்பற நேரம் அது.

அப்பறம் ஒரு மாசமோ ரெண்டு மாசமோ போகும். குடிவந்தவங்க கண்ணுக்கு அந்தச் செங்கல்லு உறுத்தும். "மேஸ்திரியக் கூப்புடு"ம்பாங்க. நான் ஒடனே போகமாட்டேன். ரெண்டு நா இழுத்துட்டுத்தான் போவேன். காப்பி வரும். பக்கத்துல நின்னு பாப்பாங்க. பூசிட்டுக் கையைக் கழுவறப்ப, "நீங்க செஞ்சாத்தானுங்க திருத்தமா இருக்குது"ன்னு ஒரு வார்த்தை. போதுங்க. அதை வெச்சுக்கிட்டு அடுத்த ஊட்டு அஸ்திவாரம் வரைக்கும் ஓட்டிருவேன்.

இது கவுந்தப்பாடி வந்துருச்சுங்களா? இல்லீங்களா. இந்த டிரைவர் மெதுவா ஓட்டறாரா, எனக்குத்தான் அப்படித் தெரியுதான்னு புரியலீங்க. செரி.

அப்படி ஓடிக்கிட்டிருந்ததுல, ஒரு பத்து வருசமாக் கூப்புடறது கொறைஞ்சு, அப்பறம் நின்னே போச்சு. நான் ஒரு சாண் உடறேன், ஒருத்தரும் கூப்புடறதில்லை. காலம் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். இப்பத்து ஆளுங்களுக்குத் திருத்தமும் தெரியலை, நன்றியும் தெரியலைன்னு நெனச்சேன். ஊட்டுல ஒக்காந்து துளசிமணிகிட்டத்தான் பொலம்புவேன். "பாரு, டீச்சர் ஊட்டுல மாடி மூலைய உட்டுட்டு வந்து மூணு மாசமாச்சு, ஒரு போன் இருக்குதா?"ன்னு. அவ அரிசியப் பொடச்சுக்கிட்டே, "டீச்சரு உங்களைப் பத்தி நல்லாத்தானுங்க சொல்றாங்க. நேத்துச் சந்தையில பாத்தேன்"னுவா. "சோத்தப் போடு"ம்பேன். பொண்டாட்டி சொல்றதெல்லாம் ஒரு சர்டிபிகேட்டுங்களா? நம்மளச் சமாதானப்படுத்தச் சொல்றாள்னு நெனச்சுக்குவேன்.

துளசிமணி எங்கூடச் சித்தாளுங்க. ஊட்டுல சம்சாரம், வேலையில சித்தாளு. சாந்துச் சட்டி எடுத்துக் குடுக்கறது, செங்கல்லு நனைக்கறது, நான் பூசிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டா அந்தச் சொவத்துக்கு ஏழு நாளைக்குக் காலையும் சாயங்காலமும் தண்ணி உடறது. தண்ணி உடறதெல்லாம் என்ன வேலைங்க, வாளி தூக்குனா ஆச்சு. கரண்டி மட்டும் நான் குடுத்ததில்லை. ஆரும் குடுக்கறதில்லீங்க, பொம்பளைங்க கையில கரண்டி குடுத்து நீங்க பாத்திருக்கீங்களா? அதுலயும் அவளுக்குப் பீச்சாங்கை. சாப்பாட்டைத் தவுத்து எல்லாமே பீச்சாங்கைதான். கல்யாணமான புதுசுல ஒருக்காக் கரண்டிய எடுத்துச் சொவத்துல தேச்சுப் பாத்தா. "போடு கீழ, பீச்சாங்கைல பூசுனா ஊடு வெளங்குமா"ன்னு ஒரு சத்தம் போட்டேன். போட்டுட்டா. அதோட செரி. அவளுக்கு அந்த ஆசையெல்லாம் கெடையாதுங்க. பாராட்டோணும், துண்டு போத்தோணும், அதெல்லாம் அவளுக்குத் தோணாது. அப்படி ஒரு பொறவி.

போன ஐப்பசியில எட்டு நாளா மழை ஊத்துச்சே, நெனப்பிருக்குதுங்களா? மழை பேஞ்சா எல்லாரும் ஊடு ஒழுகுமேன்னு பயப்படுவாங்க. எனக்கு மட்டும் மனசு குளுந்துக்கும். இத்தனை ஊட்டுல ஒரு ஊடாவது ஒழுகும், ஆராவது கூப்புடுவாங்க. போனை மடியிலயே வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எட்டு நா. ஒரு நாய் கூப்புடலைங்க. ஒம்பதாம் நா என்னால முடியலை. மொபெட்ட எடுத்துக்கிட்டு அருக்காணி டீச்சர் ஊட்டுக்கு நானே போயிட்டேன். "இந்தப் பக்கமா வந்தேன், மூலை ஒழுகுதான்னு பாத்துட்டுப் போலாம்னு"ன்னேன். அந்தம்மா, "வாங்க வாங்க மேஸ்திரி, ஒழுகலையே"ன்னாங்க. "பரவாயில்லீங்க, ஒருக்காப் பாத்துடறேன்"னு மாடிக்கு ஏறிட்டேன்.

ஏறிப் பாத்தா, அந்த ஒரு சாணைக் காணோம்.

பூசியிருக்குதுங்க. மழை உட்டு வெயிலு சாஞ்சு அடிக்குது, அந்த வெளிச்சத்துல பூச்சோட சுழி தெரியும். பூச்சை மட்டமாத் தேக்கற மணியாசுக் கட்டைய ஓட்டறப்ப வட்ட வட்டமா ஒரு சுழி உழுகும், மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும். என்ற சுழி வலப்பக்கம் சுத்தும். இது இடப்பக்கம் சுத்தியிருந்துச்சு. ஓரம் கத்தி மாதிரி நிக்குது. விரல உட்டுப் பாத்தேன், ஒரு மயிர் விரிசல் இல்லை. ஆரோ நல்ல வேலைக்காரன்னு நெனச்சேன். ஆமாங்க, பொய் சொல்லலை, மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். நல்ல கை, ஆரு கைன்னு.

கீழ எறங்கிக் கேட்டா டீச்சரு சிரிக்கறாங்க. "என்னங்க மேஸ்திரி, நீங்கதான அனுப்பிச்சீங்க? உங்கூட்டம்மா ஒம்பது வருசத்துக்கு முன்னாலயே வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாங்களே. மேஸ்திரிக்கு வேற எடத்துல வேலை, என்னைய முடிச்சுட்டு வரச் சொன்னாருன்னாங்க."

அவங்க குடுத்த காப்பிய அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டனுங்க. அப்பறம் நாலு நா, சேறும் சகதியுமா ஒவ்வொரு ஊடாப் போனேன். ஆறு ஊடு பாத்தேன். ஆறுலயும் பூசியிருக்குது. ஆறுலயும் சுழி இடப்பக்கம். ஒரு ஊட்டுல, கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, ராக்கியண்ணன்னு பேரு, அவரு என்னையத் தொவைக்கற கல்லுகிட்டக் கூட்டிக்கிட்டுப் போயிச் சொல்றாரு, "மேஸ்திரி, நீ பூசுன பக்கம் பாரு, கோடு உட்டிருக்குது. உங்கூட்டம்மா பூசுன எடம் மட்டும் அப்படியே கண்ணாடி." என்ற மொகத்துக்கு நேராச் சொல்றாருங்க. இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஊடு ஊடா அலையறது. அது வருது, ஆனா எனக்கு வரலை.

கவுந்தப்பாடிங்களா இது? ஆமா, சந்தைக்கடை தெரியுது. இன்னும் மூணு ஸ்டாப்பு. இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

ஊட்டுக்கு வந்தேன். அவ அடுப்படியில அவரைக்காய் அரிஞ்சுக்கிட்டிருந்தா. "ஆரைக் கேட்டுக் கரண்டியத் தொட்டே"ன்னு ஆரம்பிச்சேன். என்னென்னமோ பேசுனேன். ஊரு பூரா என்ற மானத்தை வாங்கிட்டேன்னேன். பத்து வருசமா எனக்கு வர வேண்டியதை நீ வாங்கித் தின்னுட்டேன்னேன். பீச்சாங்கைல பூசிப் பூசித்தான் என்ற தொழிலே படுத்துக்கிச்சுன்னேன். அதெல்லாம் சொல்லியிருக்கக் கூடாதுங்க. இப்பத் தெரியுது. அப்ப வாய் நிக்கலை.

அவ கத்தலை. அருவாமனையச் சாச்சு வெச்சுட்டுச் சொன்னா. "நீங்க ஊட்டை உட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிருவீங்க. நாந்தான ஏழு நாளைக்குத் தண்ணி உடப் போறேன். உங்க மொகத்துக்கு நேரா ஒண்ணு பேசுவாங்க, நீங்க போனப்பறம் ஒண்ணு பேசுவாங்க. உங்களுக்கு என்ன பேரு வெச்சிருந்தாங்க தெரியுமா? அரைகொறை மேஸ்திரி. அரைகொறையா உட்டுட்டுப் போயிட்டுக் காப்பி குடிக்க வர்றாம்பாங்க. எங்காது கேக்கப் பேசுவாங்க. என்னால கேட்டுக்கிட்டு வாளி தூக்க முடியலை. அதான் முடிச்சேன். அவரு அனுப்பிச்சாருன்னு சொல்லித்தான் முடிச்சேன். ஒவ்வொரு ஊட்டுலயும் உங்களைத்தான் நல்லாச் சொன்னாங்க. வந்து உங்ககிட்டச் சொன்னேன். நீங்க எங்க காதுல வாங்குனீங்க?"

அரைகொறை மேஸ்திரி. எனக்குங்க. எனக்கு அந்தப் பேரு.

அப்பவும் நான் உடலை. எங்க அடுப்படிச் சொவரு பூசாம இருக்குது. எங்க ஊடு நானே கட்டுனது, எல்லாம் முடிஞ்சுது, அடுப்படி மட்டும் பதினோரு வருசமா வெறும் செங்கல்லு. பொகை படிஞ்சு கரி. அதைக் காட்டி, "ஊரு ஊட்டையெல்லாம் முடிச்சியே, இதை ஏன் முடிக்கலை, இங்க ஆரும் பாக்க மாட்டாங்கன்னா?"ன்னு கேட்டேன். பெருசா மடக்கிட்டேன்னு நெனப்பு.

அவ அந்தச் சொவத்தப் பாத்தா. "அந்த ஊட்டையெல்லாம் உங்க பேருக்காவ நான் முடிச்சேன். இந்த ஒரு சொவத்தை எனக்காவ நீங்க முடிப்பீங்கன்னு இருந்தேன்"னா.

காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், பொட்டியக் காணோம். வேலாங்காட்டுப் பிரிவுல எங்க பொண்ணு கோகிலாவக் குடுத்திருக்குது. அங்க போயிட்டா. சண்டை போட்டுப் போகலைங்க. போனுல கேட்டா, "மாப்பிள்ளை ஊட்டு முன்னால ஒரு ரூமு எடுக்கறாங்க, ஒத்தாசைக்கு இருந்துட்டு வர்றனுங்க"ங்கறா. எப்ப வருவேன்னா, "வேலை முடியட்டும்"ங்கறா. இது முடிச்சாத்தான் வருவேன், அது செஞ்சாத்தான் வருவேன்னு ஒரு வார்த்தை இல்லை. அப்படி எதாவது சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு லேசா இருந்திருக்குமுங்க.

பத்து நாளைக்கு மேல முடியலை. கூட்டிக்கிட்டு வந்தர்லாம்னு இந்தப் பஸ்ஸு ஏறுனேன். பொண்ணு ஊடு ரோட்டுமேலயே, ஸ்டாப்பை ஒட்டி. பஸ்ஸு நிக்குது, நான் எறங்கறதுக்கு எந்திரிக்கறேன், சன்னல்ல பாத்தா, சாரத்து மேல ஒரு பொம்பளை. முந்தானைய இழுத்துச் சொருகிட்டு, பீச்சாங்கைல கரண்டி. கீழ நின்னு கோகிலா சாந்துச் சட்டி எடுத்துக் குடுக்கறா. என்ற பொண்ணுங்க, பி.காம் படிச்ச புள்ள, அவளுக்குச் சித்தாளு வேலை பாக்குது! அங்க இன்னும் ரெண்டு பேரு வேலையில இருந்தாங்க. அதுல ஒருத்தன் கூப்புடறான், "மேஸ்திரியக்கா, தண்ணி போதுமா?"

மேஸ்திரியக்கா.

நான் ஒக்காந்துட்டனுங்க. சித்தோடு போயி, அங்க ஒரு டீ குடிச்சுட்டு, எதுத்த பஸ்ஸுல ஊட்டுக்கு வந்துட்டேன். ரெண்டாவது தடவை வந்தப்ப பாதிச் சொவரு பூசியிருந்துச்சு. அவ தூக்குக் குண்டு கட்டிச் சொவரு நேரா நிக்குதான்னு பாத்துக்கிட்டிருந்தா, இந்தப் பக்கம் திரும்பலை. மூணாவது தடவை வந்தப்ப அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க நாலு பேரு நின்னு வேடிக்கை பாக்கறாங்க, ஒருத்தி தொட்டுப் பாக்கறா. அவ சாரத்து மேல ஒக்காந்து டீ குடிச்சுக்கிட்டே என்னமோ சொல்லிச் சிரிக்கறா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. எறங்கி என்னான்னு சொல்றது? அந்தக் கூட்டத்துல நான் எங்க நிக்கறது?

நடுவுல ஊட்டுல சும்மாவும் இருக்க முடியலை. அடுப்படிச் சொவத்தப் பூச ஆரம்பிச்சேன். கரியத் தேச்சுக் கழுவவே ஒரு நா ஆச்சு. கழுவறப்பத்தான் பாக்கறேன், அடுப்புக்குப் பக்கத்துச் செங்கல்லு ஒண்ணுல, கரண்டி ஓரத்தால கீறுன மாதிரி ஒரு சின்னச் சுழி. இடப்பக்கம் சுத்துன சுழி. சோறு வேகற நேரத்துல பழகியிருப்பா போல.

சொவரு பூராப் பூசிக்கிட்டே வந்தேன். கடைசியா அடுப்புக்கு மேல ஒரு சாண் பாக்கி. கை நின்னுருச்சுங்க. பழக்கமுங்க, கை தானா நின்னுருச்சு. கரண்டியப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறேன். இங்க உட்டா ஆரு கூப்புடுவா? எங்கூட்டுக்கு என்னைய ஆருங்க கூப்புடுவா? நின்னு நின்னு பாத்துட்டு, பூசிட்டேன். முழுசா. எத்தனையோ வருசத்துக்கு அப்பறம் ஒரு ஊட்டை முழுசா முடிச்சேன். முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தேன், பழக்கத்துல. ஆருமில்லை. தண்ணி கூட நாந்தான் மோந்து குடிச்சேன்.

அதுக்கப்பறம் ஏழு நா தண்ணி உடோணுமே. காலையும் சாயங்காலமும் வாளியத் தூக்கிக்கிட்டு, நானே. மூணாம் நா தோள்பட்டை உட்டுப்போச்சுங்க. அந்த வெறுஞ்சொவத்துக்கு முன்னால நின்னு தண்ணியடிக்கறப்பத் தோணுச்சு, இதை ஒருத்தி இத்தனை வருசம் செஞ்சாளே, இதுக்குன்னு எந்த ஊட்டுலயாவது ஆராவது தட்டு வெச்சாங்களான்னு. வெக்கலை. எனக்காவது ஒரு ஊட்டுலதான் மறந்தாங்க.

இந்தப் பையில என்ன இருக்குதுன்னு பாக்கறீங்களா? ஏறுனதுலேர்ந்து மடியிலயே வெச்சிருக்கேன்னு நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் வர்றீங்க. சேலைங்க. அரக்குச் சேலை. கோபியில எடுத்தேன். கடைக்காரரு என்ன விசேசம்னு கேட்டாரு. மேஸ்திரிக்கு மரியாதை பண்ணோணும்னேன். "மேஸ்திரிக்கு எதுக்குங்க சேலை, வேட்டிப் பக்கம் அக்கட்ட"ன்னு கைகாட்டறாரு. இல்லீங்க சேலைதான்னேன். என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டுத்தான் மடிச்சுக் குடுத்தாரு.

சேலை குடுத்தர்லாமுங்க. குடுக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லோணுமே, அதுதான் வர மாட்டேங்குது. காலையில இருந்து சொல்லிப் பாக்கறேன். துளசிமணி, நீ பூசுன... அவ்வளவுதானுங்க, அதுக்கு மேல வர்றதில்லை. துளசிமணி, அந்த டீச்சர் ஊட்டு மூலை இருக்குதே, அது... பாத்தீங்களா? நின்னுருது. எத்தனை பேரு வாயில இருந்து அந்த வார்த்தை வரோணும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கேன், என்ற வாயில அது எப்படி வரும்னு எனக்குத் தெரியலை. நீங்க உங்கூட்டுல சொல்லுவீங்களா? சோறு நல்லாருக்குது, இந்த மாதிரி? சொல்லுவீங்களா? சிரிக்கறீங்க. அப்ப நீங்களும் நம்மாளுதான்.

இன்னொண்ணும் இருக்குதுங்க. ஊட்டுக்கு வந்து அடுப்படியப் பாத்தா என்ன சொல்லுவாளோ. நல்லாருக்குதும்பாளா? நாலு மூலையும் மட்டமா நிக்குதுங்க, ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டேன். ஒரு வார்த்தையாவது சொல்லுவா இல்லீங்களா? சொல்லோணுமுங்க.

பிரிவுக்கு முன்னால இருக்கற புளியமரம் வந்துருச்சே. அந்தா, எங்க பொண்ணு ஊடு தெரியுது பாருங்க, நீலக் கேட்டுக்குப் பக்கத்துல. சாரத்தப் பிரிக்கறாங்க. ஏனுங்க, சாரத்தப் பிரிக்கறாங்க! அப்ப முடிஞ்சுது. சொவரு முடிஞ்சுது. முழுச் சொவரு, பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பூச்சு, ஒரு சாண் உடலை அவ. அந்தா கீழ நிக்கறாளே, தலையில துண்டு கட்டிக்கிட்டு, கரண்டியக் கழுவி வெச்சுட்டு, அவதானுங்க. பக்கத்துல ஒருத்தரும் இல்லை. வேலை முடிஞ்சா வேடிக்கை பாக்கறவங்க போயிருவாங்க. கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம நிக்கறா பாருங்க.

நான் வேணும்னா அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறனுங்க. நடந்து வந்தர்லாம். ஒரு மைல்தான். அதுக்குள்ள அந்த வார்த்தை... ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? உங்களுக்குச் சித்தோடுதான? ஓ. எனக்கு வழி உடறீங்களா.

செரிங்க. செரி. கண்டக்டர், பிரிவு ஒண்ணு எறங்கோணும், விசில் அடிச்சராதீங்க. வர்றனுங்க. இத்தனை நேரம் பேசுனனே, நல்லாச் சொன்னனுங்களா? செரி செரி, போறேன், தள்ளாதீங்க.

ஏனுங்க! சார்! அந்தப் பை! சீட்டு மேலயே உட்டுட்டேன், சன்னல் வழியாக் குடுங்க. ஆங், புடிச்சுட்டேன், புடிச்சுட்டேன். நல்லவேளை, இதையும் அரைகொறையா உட்டுட்டு எறங்கியிருப்பேன். போங்க, நீங்க போங்க.

துளசிமணீ! ஏ புள்ள, இங்கதான்! இங்க பாரு! அந்தச் சொவரு... நீ பூசுன அந்தச் சொவரு... ரொம்ப நல்லா வந்திருக்குது, புள்ள!